தேயாமலே கிழடாகும் டயர்

வன்னியில் பல வீட்டு முற்றங்களில் ஒரு கார் நிற்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் ஓடும், கோயில் திருவிழாவுக்கு ஓடும், அவசரத்துக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடும். மற்ற நாளெல்லாம் பாதி வேப்பமர நிழலிலும் பாதி வெயிலிலுமாக நிற்கும். குனிந்து டயரைப் பார்த்தால் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். "டயர் தேயேல்லையே, பிறகேன் மாத்துவான்?" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமாகத்தான் படும்.

டயர் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று தேய்வு, அது கண்ணுக்குத் தெரியும். மற்றது மூப்பு. அது பெரும்பாலும் உள்ளே நடக்கும். கொழும்பில் தினமும் ஓடும் வாடகைக் காரின் டயர் மூப்படைவதற்கு முன்பே தேய்ந்து முடிந்துவிடும். நமது பக்கத்துக் கார் குறைவாக ஓடுகிறது, கூடுதலாக வெயில் காய்கிறது. ஆகவே நமக்கு மூப்பைப் பற்றித்தான் முதலில் தெரிய வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த கார்களையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். அந்தக் கார்களோடு சேர்ந்து அவற்றின் டயர்களுக்கும் வயதாகிவிட்டது.

மூப்பு என்றால் என்ன நடக்கிறது? இறப்பர் மரத்துப் பாலில் இருப்பது நீளமான, சுருண்டு கிடக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகள். வெறும் இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியான, இழுத்தால் திரும்பி வரும் பொருளாவதைக் கண்டுபிடித்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே பாலம் போடுகின்றன. பாலம் குறைவாக இருந்தால் இறப்பர் நொய்ந்துபோகும், கூடினால் விறைத்துப்போகும். டயர்த் தொழிற்சாலையின் திறமையெல்லாம் அந்த நடு அளவைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. (இலங்கையில் இறப்பர் மரம் முதன்முதலாக 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. நமது வறண்ட மண்ணுக்கு அந்த மரம் சரிவராது. ஆனால் அதன் பாலில் பிறந்த டயர் நமது வெயிலில்தான் ஓட வேண்டியிருக்கிறது.)

தொழிற்சாலையில் பிடித்த அந்த நடு அளவு நிலைத்து நிற்பதில்லை. சங்கிலிகளில் கந்தகம் தொடாத இடங்கள் நிறைய மிச்சம் இருக்கும். ஒட்சிசன் அங்கே வந்து தாக்குகிறது. சில இடங்களில் சங்கிலி அறுகிறது, சில இடங்களில் தேவையில்லாத புதுப் பாலங்கள் உண்டாகின்றன. மொத்தத்தில் இறப்பர் இறுகி, இழுபடும் தன்மையை இழக்கிறது. அவித்த புட்டைத் திரும்ப மாவாக்க முடியாததுபோல, இதையும் பின்னுக்குக் கொண்டுவர வழியில்லை. எந்தப் பூச்சும் எந்த ஒட்டும் இறுகிய இறப்பரை இளகவைக்காது.

இந்தத் தாக்குதலின் வேகத்தை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இப்படியான இரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானத் தார் றோட்டில் வெறுங்காலை வைத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. ஒட்சிசன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்று அடைத்த டயருக்குள் காற்று வெளியைவிட மூன்று மடங்கு செறிவாக இருக்கிறது. உட்சுவரில் காற்று கசியாமலிருக்க ஒரு தனி வகை இறப்பர்ப் படை இருந்தாலும், அதையும் தாண்டி ஒட்சிசன் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக ஊறுகிறது. போகிற வழியில் உள்ளே இருக்கும் இறப்பரை இறுக்கிக்கொண்டே போகிறது. வெளியே பார்க்க நல்லாயிருக்கும் டயர் உள்ளே கெட்டுப்போவது இப்படித்தான்.

கெட்டுப்போகும் அந்த இடம் எது என்பதுதான் முக்கியம். இன்றைய கார் டயரின் தடத்துக்கு, அதாவது றோட்டில் படும் மேற்பகுதிக்கு, கீழே மெல்லிய உருக்குக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக, எதிரெதிர்ச் சாய்வில் கிடக்கின்றன. உருக்கில் இறப்பர் தானாக ஒட்டாது. அதனால் கம்பிக்குப் பித்தளை பூசுகிறார்கள். பித்தளையில் உள்ள செம்பு இறப்பரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து இரண்டையும் பிடித்து வைக்கிறது. சில்லு சுற்றும் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டிகளின் விளிம்பில் இறப்பர் அங்குமிங்கும் இழுபடுகிறது. சாதாரண கார்ச் சில்லு ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 500 தடவை சுற்றும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் 70 கிலோமீற்றருக்குக் குறையாது. அந்த ஒரு பயணத்தில் 35 ஆயிரம் தடவை அந்த விளிம்பு இழுபடுகிறது. இறப்பர் இளமையாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும். இறுகிய பிறகு பட்டி விளிம்பில் ஒரு நுண்ணிய வெடிப்புத் தொடங்கி, இரண்டு பட்டிகளுக்கும் நடுவால் உள்ளுக்குள்ளேயே பரவும். பிறகு ஒருநாள் நல்ல வேகத்தில் போகும்போது மேல்தடம் முழுதாக உரிந்து பறக்கும்.

டயரின் பக்கச் சுவரில் தெரியும் சிறு வெடிப்புகள் வேறு கதை. அவற்றுக்குக் காரணம் ஓசோன். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் நிலமட்டத்திலேயே ஓசோன் உண்டாகும். மிகச் சிறிய அளவே போதும், இழுபட்ட நிலையில் இருக்கும் இறப்பரை அது வெட்டிவிடும். இதைத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகும் ஓசோன் எதிர்ப்பு மருந்தும் கலக்கிறார்கள். டயர் வளைந்து நிமிர்ந்து ஓடும்போது அவை மேற்பரப்புக்கு ஊறி வந்து காவல் காக்கும். சில டயர்களின் பக்கத்தில் தெரியும் மண்ணிறம் அழுக்கல்ல, அந்த மருந்துதான். மாதக்கணக்காக நிறுத்தியே வைத்த காரில் இந்த ஊறல் சரியாக நடக்காது. ஓடாத டயர் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் பிழையாவது இங்கேதான்.

எத்தனை வருடம் தாங்கும்? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2008இல் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்கை எடுத்துக் காட்டியது. வெப்பம் கூடிய 5 மாநிலங்களில் இருந்த, காப்புறுதி எடுத்தவர்கள் மொத்தத்தில் 27 சதவீதம்தான். டயர் தொடர்பான கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அந்த மாநிலங்களிலிருந்தே வந்தன. அவற்றில் 84 சதவீதம் 6 வயதைத் தாண்டிய டயர்கள். வன்னியில் ஓடும் கார்களில் பாதிக்குமேல் இருக்குமோ என்று தோன்றும் டொயோட்டா, 6 வருடத்துக்கு மேற்பட்ட டயரை அதிகம் பாவிக்காவிட்டாலும் தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று தன் கைநூலில் சொல்கிறது. டயர் நிறுவனமான மிஷெலின் 5 வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை பரிசோதிக்கவும், 10 வருடமானால் எப்படி இருந்தாலும் மாற்றவும் சொல்கிறது. நமது வெப்பத்துக்கு 10 வருடம் என்பது எனக்குத் துணிச்சலாகவே படுகிறது. 6க்குப் பிறகு வருடாவருடம் கழற்றிப் பார்ப்பது, 8 ஆனால் ஏ9இல் வேகமாக ஓடும் காரிலிருந்து எடுத்துவிடுவது, இதுதான் நான் வீட்டுக்காரருக்குச் சொல்வது.

வயதைத் தெரிந்துகொள்வது லேசு. டயரின் பக்கத்தில் 'டொட்' (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில் இருக்கும், அதற்குக் காருக்கு அடியில் குனிய வேண்டி வரலாம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தியது, மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்பெயார் சில்லையும் மறக்காமல் பாருங்கள். ஜப்பானிலிருந்து காரோடு வந்த ஸ்பெயார் ஒருநாளும் மண்ணில் படாமல் புதுசு மாதிரியே இருக்கும். காரின் வயதுதான் அதற்கும்.

சரி, திருத்துவதைப் பற்றி. நமது ஊர் எதையும் இலேசில் எறியாத ஊர். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் நாங்கள், திருத்தும் கை நமக்கு இரத்தத்தில் இருக்கிறது. அது நல்ல பழக்கம். ஓட்டை விழுந்த நல்ல டயரை எறிவது வீண்தான். எந்த ஓட்டை, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தடத்தின் நடுப்பகுதியில் ஆணி ஏறி, துளை 6 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருந்தால் தாராளமாக ஒட்டலாம். ஒட்டும் விதம் முக்கியம். டயரை றிம்மிலிருந்து கழற்றி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். துளையை இறப்பர்த் தண்டால் நிரப்பி, உள்ளேயிருந்து ஒட்டுத்துண்டும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்த, குடைக்காளான் வடிவத் துண்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. உள்ஒட்டு காற்றை நிறுத்தும், தண்டு தண்ணீரை நிறுத்தும். தண்ணீர் உருக்குக் கம்பியை எட்டினால் துரு பிடித்து, பித்தளை பிடித்துவைத்த பிடி கழன்றுபோகும். மாரியில் குளம் வான் பாய்ந்து றோட்டில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்து பசைக்கயிற்றைக் குத்தி ஏற்றுவது வீடு போய்ச் சேர உதவும், அதற்குமேல் நம்பக்கூடாது.

கழற்றிப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றுப் போனது தெரியாமல் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் உட்சுவர் உரசிக் கறுப்புத் தூள் கொட்டியிருக்கும். அந்தத் தூளைக் கண்டால் ஓட்டை எவ்வளவு சிறியதானாலும் டயர் முடிந்தது.

பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது. அங்கே உருக்குப் பட்டி இல்லை, மெல்லிய நூல்படை மட்டுமே இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று அதிகம் வளைவதும் அந்த இடம்தான். போட்ட ஒட்டு நிற்காது. பக்கம் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கும் மருந்தில்லை. ரியூப் இல்லாத டயருக்குள் ரியூப் போட்டு ஓடும் வழக்கம் இங்கே உண்டு. ரியூப்பும் டயரும் உரசிச் சூடு கூடும், ரியூப் கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போய்விடும். கிறவல் றோட்டில் மெதுவாக ஓடும்போது தப்பலாம், ஏ9இல் அப்படி ஓட்டாதீர்கள்.

டயருக்கு வயதாகிவிட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. 9 வயது டயரின் ஆணி ஓட்டையை எவ்வளவு அழகாக ஒட்டினாலும், ஒட்டப்பட்டது ஓட்டை மட்டும்தான்.

மூப்பைத் தள்ளிப்போட ஒரு வழி காற்றைச் சரியாக வைத்திருப்பது. காற்றுக் குறைந்தால் டயர் கூடுதலாக வளையும், அந்த வளைவு சூடாக மாறும், சூடு மூப்பை விரட்டும். சும்மா நின்றாலே மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவில் குறையும். காலையில், சில்லு குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள். சூடு 10 பாகை ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும், அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடாதீர்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவோம். தேங்காய் உடைத்துவிட்டு வந்து நான்கு டயரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு, அல்லது பிரேக் விடாமல் பிடித்தபடி இருக்கிறது. ஒரே வேகத்தில் போகும்போது காரணமில்லாத நடுக்கம் வந்தால் பட்டி உரியத் தொடங்கியிருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

காசு முடையில் பாவித்த ஜப்பான் டயர் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்தை விரலால் அளக்கும் முன்பு அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். பளபளவென்று கறுப்பு மினுக்குப் பூசியிருந்தால் பக்கத்தை மடக்கிப் பார்க்க வேண்டும், வெடிப்பை மறைக்க அதைவிட இலகுவான வழி கிடையாது. இரண்டு டயர் மட்டும் மாற்றக் காசு இருந்தால் புதியவற்றைப் பின்னுக்குப் போடுங்கள், முன்சில்லு இழுக்கும் காராக இருந்தாலும் அப்படித்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் காலைத் தளர்த்திச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கழற்றிய டயரை ஸ்பெயாராக டிக்கிக்குள் போடாதீர்கள், விற்கும்போது காருக்கென்று விற்கவும் வேண்டாம். மாட்டு வண்டிலுக்குக் கொடுக்கலாம். தடத்தை உரித்தெடுக்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 90 கிலோமீற்றரில் இருக்கும் விசை 10 கிலோமீற்றரில் இருப்பதைப்போல் 81 மடங்கு. வண்டில் வேகத்தில் அந்த டயர் சூடேறாமல் இன்னும் பல போகம் நெல் இழுக்கும். வண்டிலுக்குத் தேவைப்படாமல் முற்றத்தில் கிடந்தால் மழைக்கு முன்பு துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும்.