ஹெட்செட், ஸ்பீக்கர் இரண்டிலும் கேம் சத்தம் வேண்டுமா? எதையும் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

"கேம் சத்தம் ஹெட்செட்லயும் வரணும், ஸ்பீக்கர்லயும் வரணும். என்ன வாங்கலாம்?" ஒலிக் கருவிகளைப் பொருத்தித் தரும் வேலையில் இருக்கும் என்னிடம் கேமிங் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் உடனே ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: இரண்டிலும் ஒரே சத்தம் வேண்டுமா, அல்லது ஒன்றில் ஒன்று, மற்றதில் வேறொன்றா?

பேசிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு வேண்டியது இரண்டாவதுதான். கேம் சத்தம் ஸ்பீக்கரில் வர வேண்டும், டிஸ்கார்ட் என்ற குரல்வழிப் பேச்சுச் செயலியில் நண்பர்கள் பேசுவது மட்டும் காதில் கேட்க வேண்டும். அல்லது கேம் ஹெட்செட்டில், பாட்டு ஸ்பீக்கரில். இது சத்தத்தைப் பிரிப்பது. ஒரே சத்தத்தை இரண்டு இடத்துக்கு அனுப்புவது வேறு வேலை. பிரிப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தொல்லையெல்லாம் நகலெடுத்து அனுப்பும்போதுதான்.

பிரிக்கும் வசதி விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் அப்டேட்டிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்சர் என்று உள்ளே போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகத் தெரியும். அதனதன் கீழே எந்தக் கருவிக்குச் சத்தம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கேம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், அதைத் திறந்து ஏதாவது சத்தம் வர விட்டால் வந்துவிடும். சில கேம்கள் தொடங்கும்போது மட்டுமே ஒலிக்கருவியைக் கவனிக்கும், அவற்றை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். டிஸ்கார்டுக்கு அதன் செட்டிங்ஸிலேயே அவுட்புட் கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது, அங்கே மாற்றுவதே நல்லது.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. நண்பர் வாய்ஸ் காலில் வந்தவுடன் கேம் சத்தம் திடீரென்று அமுங்கிவிடும். ஹெட்செட் பழுது என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள். ஹெட்செட்டில் ஒரு குறையும் இருக்காது. பேச்சுத் தொடர்பு தொடங்கியதும் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் தானாகவே வைத்திருக்கிறது. அதே சவுண்ட் பக்கத்தின் கீழே உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, எதுவும் செய்யாதே என்று பொருள்படும் 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே ஒரே சத்தம் இரண்டிலும் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தம்பி விளையாடுவதை அறையில் உள்ளவர்களும் கேட்க வேண்டும், அவனுக்கும் காதில் துல்லியமாக வேண்டும். பல கணினிகளில் ஸ்டீரியோ மிக்ஸ் என்ற பழைய வழி இருக்கிறது. அதே மோர் சவுண்ட் செட்டிங்ஸின் ரெக்கார்டிங் பக்கத்தில் முடக்கி வைத்திருக்கும் அதை இயக்கி, அதன் லிசன் பக்கத்தில் டிக் செய்து, இரண்டாவது கருவியைக் காட்டிவிட்டால் சத்தம் அங்கேயும் போகும். ஆனால் மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப் வழியாகப் போகும் சத்தம் மட்டுமே ஸ்டீரியோ மிக்ஸுக்குக் கிடைக்கும். முதன்மைக் கருவியாக யூஎஸ்பி ஹெட்செட்டை வைத்துவிட்டு இதை முயன்றால் ஒன்றும் கேட்காது. கேட்கும்போதும் இரண்டாவது கருவியில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

அந்தப் பிந்துதல் எவ்வளவு கெடுக்கும் என்பதைக் கல்லூரி மாணவர் ஒருவரின் அறையில் பார்த்தேன். கம்பி ஹெட்செட் காதில், புளூடூத் சவுண்ட்பார் மேசைக்குப் பின்னால். துப்பாக்கிச் சண்டை கேமில் எதிரியின் காலடி முதலில் காதில் கேட்கும், அடுத்த நொடிக்குள் அதே காலடி முதுகுப் பக்கம் கேட்கும். எதிரி இடப்பக்கமா பின்பக்கமா என்று தெரியாமல் தோற்றுக்கொண்டே இருந்தார். இன்டர்நெட் மெதுவாக இருப்பதாக நினைத்து பிராட்பேண்ட் இணைப்பையே மாற்றியிருந்தார். நான் செய்தது ஒரே சோதனை. சீரான இடைவெளியில் 'டிக்' என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் சத்தம் ஒன்றை ஓட விட்டு, ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு 'டிக்' வர வேண்டிய இடத்தில் 'டிக்-டிக்' என்று இரண்டு வந்தன. புளூடூத்தைத் துண்டித்து ஆக்ஸ் கேபிளில் சவுண்ட்பாரை இணைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

காரணம் இதுதான். சத்தத்தைச் சுருக்கி அனுப்பப் புளூடூத் பயன்படுத்தும் அடிப்படை முறையான (கோடெக்) எஸ்பிசியில் சத்தம் வந்து சேரச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகும். நம் காது ஏறக்குறைய 30, 40 மில்லிசெகண்டுக்குள் வரும் இரண்டு சத்தங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலி. அதனால் நகலெடுத்து அனுப்பும் அமைப்பில் புளூடூத் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வழக்கமான புளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் பயன்படுத்தினால் இன்னொரு இழப்பு: மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறி, கேம் சத்தமும் இட வலம் பிரியாத மோனோவாகத் தேய்ந்துவிடும்.

கம்பியில் இணைத்தாலும் ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் உள்ளே தனிக் கடிகாரம் உண்டு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு சுவர்க் கடிகாரங்களும் மாதக் கடைசியில் ஒரே நேரம் காட்டாது அல்லவா, அதே கதைதான். இரண்டு கருவிகளுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகிவிடும். தொடக்கத்தில் நன்றாக இருந்த சத்தம் போகப் போகப் பிந்துவதும், இடையிடையே 'படபட'வென்று வெடிப்பதும் இதனால்தான். இந்த விலகலைச் சரிசெய்துகொண்டே போகும் மென்பொருள் வேண்டும்.

விண்டோஸில் நான் பரிந்துரைப்பது விபி-ஆடியோவின் வாய்ஸ்மீட்டர் பனானா. விரும்பினால் நன்கொடை தரலாம் என்ற முறையில் கிடைக்கிறது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவியபின் கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸின் முதன்மை ஒலிக்கருவியாக வாய்ஸ்மீட்டர் இன்புட்டை வையுங்கள். வாய்ஸ்மீட்டரில் ஏ1 என்ற இடத்தில் ஹெட்செட், ஏ2-இல் ஸ்பீக்கர். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ஏ1-இல் உள்ள கருவியின் கடிகாரத்தையே மற்றவை பின்பற்றும். எல்லாக் கருவிகளின் சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) 48000 ஹெர்ட்ஸுக்கு வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: வாய்ஸ்மீட்டரை மூடிவிட்டால் கணினியில் சத்தமே வராது. சவுண்ட் கார்டு போய்விட்டது என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருகிறார்கள். கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும்படி மெனுவில் டிக் செய்துவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில், ஒரே சத்தத்தைப் பல கருவிகளுக்கு அனுப்பும் மல்டி-அவுட்புட் டிவைஸ் இருக்கிறது. இரண்டாவது கருவிக்கு, கடிகார விலகலைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்ஷனை டிக் செய்ய மறக்காதீர்கள். அதன்பின் கீபோர்டில் உள்ள வால்யூம் பொத்தான்கள் வேலை செய்யாது, அது பழுதல்ல.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கணினியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். இரண்டு கருவிகளும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பதால் வருவது. இதை நிறுத்த சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறார்கள், அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுகிறார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் எர்த் இல்லாத கணினியின் பெட்டியில் பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுப்பது அதுதான். உள்ளே ஏதாவது பழுதாகி முழு மின்சாரமும் பெட்டிக்கு வந்தால் உயிரே போகும், அந்தப் பெட்டியோடு இணைந்த ஹெட்செட் பிள்ளையின் தலையில் இருக்கிறது. எர்த்தில் கை வைக்காதீர்கள். இரண்டையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஆடியோ கேபிளின் நடுவே, அந்தக் கேபிளில் மட்டும் மின்தொடர்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியைப் போடுங்கள். ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதைவிட நல்லது, ஒளியில் போகும் சத்தத்துக்கு மின்தொடர்பே இல்லை.

அடுத்தது காது. ஸ்பீக்கர் அறையில் ஓடும்போது ஹெட்செட் போட்டிருப்பவர் அதை மீறிக் கேட்பதற்காக வால்யூமைக் கூட்டுவார். அறையில் இருப்பவர்கள் ஸ்பீக்கரைக் கூட்டுவார்கள். அவர் மறுபடி கூட்டுவார். உலகச் சுகாதார நிறுவனமும் ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த அளவுப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது 80 டெசிபல் வரைக்கும்தான். சிறுவர்களுக்கு அது 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: பெரியவர்களுக்கு 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. ஒரு வாரத்தின் மொத்தக் கணக்கு இது. விடுமுறை நாளில் ஒரே மூச்சில் ஆடினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். விளையாடி முடித்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு கருவி அமைப்பில் நான் எப்போதும் ஸ்பீக்கரைத்தான் முதலில் சரிசெய்வேன், சாதாரணமாகப் பேசும் குரல் அமுங்காத அளவுக்கு. அதன்பிறகே ஹெட்செட், சத்தமே இல்லாத நிலையிலிருந்து மெதுவாக. வாய்ஸ்மீட்டரின் ஸ்லைடர்கள் 12 டெசிபல் வரை மேலே ஏறும், அவற்றை 0 டெசிபல் குறிக்கு மேல் ஏற்ற வேண்டாம். அறையில் வேறு யாரும் கேட்காத நேரத்தில் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் ஏ2 பொத்தானை வாய்ஸ்மீட்டரில் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் நின்றதும் ஹெட்செட் வால்யூமைக் குறைக்கப் பிள்ளைக்குத் தானாகவே கை போகும்.