தொண்டைக்குழியில் நின்ற சோலைமலை

செல்லூரில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு வயது 78. போன மாசம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பழைய ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அலங்காநல்லூர்க்காரர், தறி போட்டிருந்தவர், மூத்த மகளை மேலூரில் கொடுத்தவர், தாத்தாவிடம் வாங்கிய கைமாத்தைத் திருப்பாமலே போய்ச் சேர்ந்தவர். எல்லாம் வந்தது, பேர் மட்டும் வரவில்லை. "தொண்டைக்குழி வரைக்கும் வந்துருச்சுடா... சுந்தரம், இல்ல. சுப்பு, அதுவும் இல்ல." ராத்திரி 8 மணிக்கு, "சோறு போடவா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"சோலைமலை!" என்றாள். சோறெல்லாம் அப்புறம்தான்.

இதை மறதி என்று சொன்னால் பாதிதான் சரி. ஒரு சொல் வாயில் வருவதற்குள் மூளை இரண்டு வேலை பார்க்கிறது. முதலில் பொருளைப் பிடிக்கிறது. அப்புறம் அந்தப் பொருளுக்கு உரிய ஒலிகளை வரிசையாக எடுக்கிறது. வயதானால் பெரும்பாலும் தளர்வது இந்த இரண்டாவது வேலை. பொருள் பக்கம் துணி மாதிரி நெய்து கிடக்கிறது. கைமாத்து, மேலூர், தறி என்று எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் ஆள் வந்துவிடுவார். பேரின் ஒலிக்குப் போவதோ ஒற்றை நூல். அது நைந்தால் மாற்று கிடையாது. 'தறிக்காரர்' என்ற சொல் அவர் செய்த வேலையோடு ஒட்டியிருக்கிறது. 'சோலைமலை'க்கும் அவருக்கும், பெற்றவர்கள் அப்படி வைத்தார்கள் என்பதைத் தவிர, என்ன ஒட்டு? அதனால்தான் ஆள் பேர்கள் முதலில் காலை வாருகின்றன. அமெரிக்க உளவியலாளர் டெபோரா பர்க்கும் அவருடைய சகாக்களும் 1991-ல் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான். முதல் அசை ஒத்த இன்னொரு சொல் காதில் விழுந்தால் நைந்த நூலுக்குக் கொஞ்சம் முறுக்கு ஏறும் என்று பின்னால் வந்த சோதனைகளும் காட்டின. சோறு செய்த வேலை அது.

சொல்வளம் இந்தத் தளர்ச்சியில் சேர்த்தி இல்லை. அது 60 வயதைத் தாண்டியும் நிற்கிறது. சொற்பொருள் கேட்கும் சோதனைகளில் பெரியவர்கள் இளைஞர்களை முந்துவது சாதாரணம். பாவு, ஊடை, தார், நாடா, விழுது என்று தறியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அப்பத்தாவிடம் சொல் இருக்கிறது. எனக்கு எல்லாமே 'நூல்'தான்.

சரி, மூளைக்குள் என்ன மாறுகிறது? பேச்சு இழந்த நோயாளியின் மூளையைப் பார்த்து, இடப்பக்க முன்பகுதிதான் காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா 1861-ல் காட்டினார். 1874-ல் ஜெர்மனியின் வெர்னிக்கே, புரிந்துகொள்வதற்கும் இடப்பக்கத்தில், இன்னும் பின்னால், ஓர் இடத்தைச் சுட்டினார். வலக்கைக்காரர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு மொழி இடப்பக்கம்தான். ஆனால் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துச் சொற்களைக் கொடுத்தால், இளைஞர்களுக்கு இடப்பக்கம் தூக்கலாகத் தெரியும் வேலைகளில் பெரியவர்களுக்குப் பல சமயம் வலப்பக்க முன்மூளையும் சேர்ந்து விழிக்கிறது. இந்தப் போக்கைத் தொகுத்து 2002-ல் ஒரு கோட்பாடாக முன்வைத்தவர் மூளை ஆய்வாளர் ராபர்ட்டோ கபேசா.

ஏன் என்பதில்தான் சண்டை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கோரிப்பாளையம் பக்கம் வண்டி விடமாட்டார்கள், ஏ.வி. பாலம் முழுக்கத் தலைகள். எங்கள் செல்லூர்ச் சந்துகளில் ஆட்டோக்கள் நுழைந்துகொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்குச் சந்து நிறைய வண்டி. அவை சுற்றுவழி தெரிந்து போகின்றனவா, வழி தெரியாமல் புகுந்து முட்டி நிற்கின்றனவா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூளைப் படத்திலும் இதே சிக்கல். இடப்பக்கத்தின் குறையை வலப்பக்கம் ஈடுகட்டுகிறது என்பது ஒரு கட்சி. இளமையில் கறாராக இருந்த வேலைப் பிரிவினை தளர்ந்து, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் கட்டுப்பாடு குறைந்து, வேலை கசிகிறது என்பது இன்னொரு கட்சி. கபேசா குழு சொற்களை நினைவுகூரும் வேலை கொடுத்த ஆய்வில், நன்றாகச் செய்த பெரியவர்களிடம்தான் இரு பக்கமும் இயங்கியது. வேறு சில ஆய்வுகளில், 'ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை விலங்கு சொல்வீர்கள்' போன்ற வேலையில், வலப்பக்கம் கூடுதலாக எரிந்தவர்கள் குறைவாகவே சொன்னார்கள். என் கணிப்பில் இரண்டும் நடக்கிறது, வேலையைப் பொறுத்து. வேலை கடினமானால் இளைஞர்களும் வலப்பக்கத்தைக் கூப்பிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, இந்தக் கருவி அளப்பது ரத்த ஓட்டத்தின் மாற்றத்தை. வயதில் ரத்தக் குழாய்களும் மாறுகின்றன, அதனால் படத்தைக் கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

ஒன்று நிச்சயம்: மொழி வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடவில்லை. 80 வயதிலும் பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கினால்தான் பெரும்பாலும் பேச்சு போகிறது.

பேர் வராதது வேறு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று தெரியாமல் முழிப்பது வேறு. பழகிய தெருவில் வழி தவறுவதும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் டாக்டரிடம் போக வேண்டும்.

போன வாரம் அந்த ஆள் மறுபடி பேச்சில் வந்தார், பேர் மறுபடி நின்றது. "சோளம் வேணுமா அப்பத்தா?" என்றேன். முறைத்துப் பார்த்து, "சோலைமலைன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள்.