சோபாவுக்கு அடியில் ஓர் அதிர்வு: பாஸ் ஷேக்கரைப் பொருத்தி ட்யூன் செய்வது எப்படி?

1000 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ 2, 3 டெசிபல் இருந்தாலே போதும். அதுவே 20 ஹெர்ட்ஸ் என்றால், ஏறக்குறைய 78 டெசிபலைத் தொட்டால்தான் ஏதோ கேட்கிறதோ என்றே தோன்றும். அடிமட்ட ஒலிகளுக்கு நம் காது அவ்வளவு மந்தம். உடம்பு அப்படி இல்லை. உட்கார்ந்திருப்பவர் உணரக்கூடிய மிகச் சிறிய அதிர்வின் முடுக்கம் 0.015 மீ/வி² அளவில் இருக்கும் என்கிறது உடல் அதிர்வுக்கான சர்வதேசத் தரநிலை. 20 ஹெர்ட்ஸில் அது எவ்வளவு தூர அசைவு என்று கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு மைக்ரான்தான் வரும். ஒரு தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும்.

இருக்கைக்கு அடியில் மாட்டும் அதிர்வுக் கருவியான பாஸ் ஷேக்கர் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்தான். அறை முழுவதும் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டிருக்காமல், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையை அது நேராகப் பிடித்து அசைக்கிறது. 1974-ல் யுனிவர்சல் ஸ்டுடியோ கொண்டுவந்த சென்சரவுண்ட் முறையில், தியேட்டருக்குள் பெரிய பெரிய சப்வூஃபர்களை, அதாவது அடிமட்ட ஒலிக்கான ஸ்பீக்கர்களை, அடுக்கிக் காற்றின் வழியாகவே பார்வையாளர்களை உலுக்கினார்கள். வீட்டில் அந்த வழிக்குப் போனால் ஜன்னலும் அலமாரியும்தான் முதலில் ஆடும், பக்கத்து வீட்டுக்காரர் அடுத்து வருவார். ஷேக்கருக்குச் சில பத்து வாட் இருந்தாலே நாற்காலி பேச ஆரம்பித்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது? சாதாரண ஸ்பீக்கரில் இருக்கும் அதே காந்தமும், வாய்ஸ் காயில் எனும் கம்பிச்சுருளும்தான். ஸ்பீக்கரில் கனமான காந்தம் அசையாமல் நிற்க, காயிலோடு ஒட்டிய லேசான கூம்பு ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. ஷேக்கரில் கூம்பே கிடையாது. கனமான ஒரு பாகம், பெரும்பாலும் காந்தமே, ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். அதை மேலே தள்ளும் விசை, எதிர்வினையாக வெளிக்கூட்டைக் கீழே தள்ளும். கூடு சோபாவின் சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருப்பதால் சட்டமும் சேர்ந்து நகர்கிறது. எடை பார்க்கும் மெஷினில் நின்றுகொண்டு, கையில் ஒரு டம்பெல்லைப் பிடித்து வேகமாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உங்கள் எடை மாறவில்லை, ஆனாலும் முள் குதிக்கும். ஷேக்கரின் வேலை மொத்தமும் அந்த முள்ளின் குதிப்புதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே முடுக்கத்தைத் தர, அதிர்வெண் பாதியானால் அசைவின் தூரம் நான்கு மடங்காக வேண்டும். நாற்காலி 1 மீ/வி² முடுக்கத்தில் அதிர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 ஹெர்ட்ஸில் அதற்கு 0.016 மில்லிமீட்டர் அசைவு போதும். 20 ஹெர்ட்ஸில் 0.063, 10 ஹெர்ட்ஸில் 0.25. இது நாற்காலியின் அசைவு. நாற்காலியையும் ஆளையும் சேர்த்து 120 கிலோ, உள்ளே ஆடும் பாகம் ஒரு கிலோ என்றால், அந்த ஒரு கிலோ எத்தனை மில்லிமீட்டர் ஓட வேண்டியிருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். உள்ளங்கையளவு ஷேக்கர்கள் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நன்றாக உதறிவிட்டு, 20-க்குக் கீழே போகும்போது கைவிரிப்பது இதனால்தான். அங்கே இன்னும் பவர் கொடுத்தால் காயில் சூடாகும், அல்லது உள்பாகம் ஓட்டத்தின் எல்லையில் முட்டி 'டக் டக்' என்று சத்தம் வரும். சின்ன ஷேக்கர் வைத்திருப்பவர்கள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஒரு ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுவது நல்லது. இழப்பது எதுவுமில்லை.

சரி, வாட் கணக்கை விட்டுவிட்டுத் தரைக்கு வருவோம். ஷேக்கர் வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இதுதான், என் கணிப்பில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் தரையில் நான்கு கட்டைக் கால்களை அழுத்தி நிற்கும் சோபாவை அசைப்பது கட்டடத்தையே அசைப்பதற்குச் சமம். ஷேக்கர் தரும் விசையில் பெரும்பகுதி கால் வழியாகத் தரைக்குள் இறங்கிப்போகும். மரத்தளமாக இருந்தால் தளமும் சேர்ந்து அதிரும், கீழ்வீட்டுக்கும் சேதி போய்ச்சேரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கால்களுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர்.

ஆனால் ஏதோ ஒரு ரப்பர் துண்டைச் செருகினால் வேலை நடக்காது. ரப்பருக்கு மேலே நிற்கும் எடையும் ரப்பரும் சேர்ந்தால் அது ஸ்பிரிங்கில் நிற்கும் பாரம். அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். ஆள் உட்காரும்போது ரப்பர் மொத்தம் எவ்வளவு நசுங்குகிறது என்று சென்டிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். 1 சென்டிமீட்டர் நசுங்கினால் 5 ஹெர்ட்ஸ். 2.5 மில்லிமீட்டர் என்றால் 10 ஹெர்ட்ஸ். கெட்டியான ரப்பர் 0.3 மில்லிமீட்டர்தான் நசுங்குகிறது என்றால் ஏறக்குறைய 29 ஹெர்ட்ஸ். இந்த எண்ணுக்குக் கீழே உள்ள அதிர்வுகளில் ஷேக்கர் ரப்பரின் விறைப்போடு மல்லுக்கட்டும். இந்த எண்ணிலேயே நாற்காலி தாறுமாறாக ஆடும். இதைத் தாண்டிய பிறகுதான் விசைக்கேற்ற முடுக்கம் ஒழுங்காகக் கிடைக்கும், தரைக்கும் விடுதலை. 29 ஹெர்ட்ஸ் ரப்பர் என்றால், படத்தின் வெடிச்சத்தங்கள் எல்லாம் குவிகிற இடத்திலேயே நாற்காலி உளறும். அதனால் 2 முதல் 4 மில்லிமீட்டர் நசுங்கும் ரப்பரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆடும் நிலையில் ரப்பர், அசையாத நிலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும், எனவே கணக்கில் வந்ததைவிட உண்மை எண் சற்று மேலேதான் இருக்கும். பின்கால்களில் பாரம் அதிகம் விழுகிற சோபாவில் நான்கு காலுக்கும் ஒரே ரப்பர் போட்டால் நாற்காலி பின்பக்கம் சரிந்து நிற்கும். அங்கே கொஞ்சம் கெட்டியானதைப் போட வேண்டும்.

இன்னொரு ஸ்பிரிங் உங்களுக்கு அடியிலேயே இருக்கிறது: மெத்தை. தடித்த, மெதுமெதுப்பான ஃபோம் மீது உட்கார்ந்தால், சட்டத்தில் இருக்கும் 40 ஹெர்ட்ஸ் அதிர்வில் பெரும்பகுதியை ஃபோமே விழுங்கிவிடும். அப்படிப்பட்ட சோபாவில் அதிர்வு வந்துசேர்வது முதுகுச்சாய்வு, கைப்பிடி, கால் வைக்கும் பலகை வழியாகத்தான். சோபாவே இன்னும் வாங்கவில்லை என்றால் சற்று இறுக்கமான இருக்கையைத் தேடுங்கள்.

ஷேக்கரை எங்கே மாட்டுவது? சட்டத்தின் தடித்த குறுக்குக்கட்டையில், அது நெடுக்குக்கட்டையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில். அடிப்பகுதியின் துணியைக் கழற்றியதும் கண்ணில் படும் மெல்லிய பிளைவுட் தகட்டில் மாட்டவே கூடாது. தகடு தனியாக ஆடி ஸ்பீக்கர் போலச் சத்தம் எழுப்பும், சட்டத்துக்கு எதுவும் போய்ச்சேராது. கட்டைகளுக்கு இடையே இடம் வசதியாக இல்லாவிட்டால், 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை இரண்டு கட்டைகளுக்கும் குறுக்கே பசையும் ஸ்க்ரூவும் சேர்த்து இறுக்கி, அதன்மேல் மாட்டலாம். மர ஸ்க்ரூவை நம்பி ஷேக்கரைத் தொங்கவிடுவதைவிட, துளை போட்டு மறுபக்கம் அகலமான வாஷரும் நைலான் வளையமுள்ள லாக் நட்டும் போட்ட போல்ட்தான் சரி. அதிர்வு என்பது நட்டைக் கழற்றுவதற்கென்றே பிறந்தது.

பின்னால் சாயும் ரிக்லைனர் நாற்காலியில் வேலை கூடுதல். அதன் இரும்பு மெக்கானிசத்தில் மூட்டுகள் ஏராளம், ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், ஒவ்வோர் இடைவெளியும் கடகடக்கும். மூட்டுகளில் கிரீஸ், உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடங்களில் ஃபெல்ட் துண்டு என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒயரைக் கத்தரிக்கோல் போல மடியும் கைகளுக்குள் விட்டுவிடாமல், நாற்காலி முழுவதும் சாய்ந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாக விட்டுக் கட்டுங்கள்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டே. ஷேக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். இரண்டை இணையாகப் போட்டால் 2 ஓம், ஷேக்கரை ஓட்டும் பல ஆம்ப்களுக்கு (ஆம்ப்ளிஃபையர்களுக்கு) அது ஆபத்து. தொடராகப் போட்டால் 8 ஓம். நான்கு இருந்தால் இரண்டிரண்டாகத் தொடரில் போட்டு, அந்த இரு வரிசைகளையும் இணையாக இணைத்தால் மறுபடியும் 4 ஓம் கிடைத்துவிடும். அடுத்தது துருவம். ஒரே சோபாவில் இரண்டு ஷேக்கர் இருந்து ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறிப்போனால், ஒன்று தூக்கும்போது மற்றொன்று அமுக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. 30 ஹெர்ட்ஸ் தொடர் ஒலியைப் போட்டு, ஒன்றின் ஒயரை மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். எந்த இணைப்பில் நடு இருக்கை அதிகம் அதிர்கிறதோ அதுதான் சரி.

இனி சிக்னல். ஹோம் தியேட்டர் ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டிலிருந்துதான் பெரும்பாலும் எடுப்போம். அதில் படத்தின் அடிமட்ட ஒலிகளுக்கென்றே உள்ள எல்.எஃப்.இ. சேனல் 120 ஹெர்ட்ஸ் வரை வரும், மற்ற ஸ்பீக்கர்களிலிருந்து திருப்பிவிடப்பட்ட பாஸும் கலந்திருக்கும். ஆண் குரலின் அடிநாதம் 85 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. வடிகட்டாமல் விட்டால் வசனம் பேசும்போதெல்லாம் தொடையில் குறுகுறுக்கும். படம் பார்க்கும் அனுபவத்தை இதைவிடக் கெடுப்பது எதுவுமில்லை. 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், அதற்கு மேலே உள்ளதை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் சரிவோடு போட்டால் தொல்லை தீரும்.

ரிசீவர் மைக்கை வைத்து அறையின் ஒலியைத் தானே அளக்கும் தானியங்கி அளவீடு ஓடும்போது ஷேக்கர் ஆம்ப் அணைந்தே இருக்கட்டும். மைக்குக்கு நாற்காலியின் அதிர்வு புரியாது. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸில் ஒலி சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி நிலையலை உண்டாகும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் காதுக்குக் காணாமல் போகும். சப்வூஃபரை எத்தனை திருகினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. நாற்காலிக்கு அறையின் நிலையலை பற்றிக் கவலையே இல்லை, காது இழந்த 34 ஹெர்ட்ஸை உடம்பு வாங்கிக்கொள்ளும். எனக்கு ஷேக்கர் மேல் மதிப்பு வரக் காரணமே இந்தக் குணம்தான்.

அப்புறம் நேரம். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. சப்வூஃபர் 3.5 மீட்டர் தள்ளி இருந்தால் அடி வந்துசேர 10 மில்லிசெகண்ட் ஆகும். ஷேக்கரோ உடம்பை ஒட்டியே இருக்கிறது, எனவே அது முந்திக்கொள்ளும். ரிசீவரில் இரண்டாவது சப்வூஃபருக்குத் தனி தூர அமைப்பு இருந்தால், ஷேக்கரை அதில் இணைத்து, தூரத்தை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். அது பக்கத்தில் இருப்பதாக நம்பி ரிசீவர் தானே தாமதம் கொடுக்கும். ஆனால் ஒரு நுணுக்கம்: நாம் போட்ட 50 ஹெர்ட்ஸ் லோபாஸ் ஃபில்டரே, அது லிங்க்விட்ஸ்-ரைலி வகையாக இருந்தால், அடிமட்ட ஒலிகளுக்கு ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் தாமதம் சேர்த்துவிடும். இரண்டையும் சேர்த்தால் ஷேக்கர் பின்தங்கிவிடலாம். கணக்கில் தொடங்கி, உடம்பால் முடியுங்கள். தனித்தனியாக விழும் கிக் டிரம் அடிகளை ஓடவிட்டு, டிலேயை 2, 3 மில்லிசெகண்டாக நகர்த்திக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அடி சட்டென்று ஒன்றாகித் திரளும். அதற்கு முன்னும் பின்னும் அது இரண்டாகப் பிரிந்தோ தளர்ந்தோ தெரியும்.

அதிர்வெண்வாரியாக அளவை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை அமைக்கக் கைவசம் இருக்கும் போனே போதும். அதில் உள்ள, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைப் படிக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, போனை இருக்கையில் தொடைக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்து, 10-லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிடுங்கள். கட்டாயம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், வெற்று நாற்காலியின் வரைபடம் எதற்கும் உதவாது. சென்சார் வினாடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்பாதீர்கள். வரைபடத்தில் ஒன்றிரண்டு மலைகள் கட்டாயம் தெரியும். ஒன்று ஷேக்கரின் சொந்த ஒத்ததிர்வு, மற்றது சட்டத்தினுடையதோ ரப்பருடையதோ. அந்த மலைகளை மட்டும் 6, 8 டெசிபல் இறக்குங்கள். பள்ளங்களைத் தூக்கி நிரப்ப முயன்றால் ஆம்பும் காயிலும்தான் சூடாகும். மலை இறங்கியதும் எல்லா வெடியும் ஒரே 'டும்'மாக ஒலிப்பது நின்று, ஹெலிகாப்டர் ஒரு மாதிரியும் நிலநடுக்கம் வேறு மாதிரியும் தெரிய ஆரம்பிக்கும்.

கடைசியாக அளவு. புதிதாக மாட்டியவர் எவரும் அதிகமாகத்தான் வைப்பார். உங்களுக்குப் பழக்கமான படம் ஒன்றின் சண்டைக் காட்சியில் ஷேக்கர் தனியாகக் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு இறக்கி, அங்கிருந்து 1 டெசிபல் ஏற்றி, ஒரு முழுப் படம் பாருங்கள். வீட்டில் ஒல்லியானவர், பருமனானவர் என்று வித்தியாசம் இருந்தால் ஒல்லியானவரை உட்காரவைத்து அளவை முடிவு செய்யுங்கள், பாரம் குறைந்த இருக்கைதான் அதிகம் குதிக்கும். இரண்டு வாரம் கழித்து சோபாவைக் கவிழ்த்து எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பானரால் முறுக்கிப் பாருங்கள், ஒன்றாவது தளர்ந்திருக்கும்.