சங்கு பற்பம் சாப்பிட்டால் வைட்டமின் டி ஏறுமா?

"டாக்டர், இதைச் சாப்பிட்டா வைட்டமின் டி உடம்புல நல்லாப் பிடிக்குமாமே?" என்று கேட்டபடி மேசைமேல் ஒரு சங்கு பற்பப் பொட்டலத்தை வைத்தார் அந்த அம்மா. சங்கைப் புடம் போட்டு எடுக்கிற சித்த மருந்துப் பொடி அது. ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி. ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஒரு மாதமாக பற்பத்தை மட்டும் நம்பியிருக்கிறார்.

சித்த மருத்துவம் பார்க்கிற நானே சொல்லியாக வேண்டும்: யாரோ விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பரப்பியிருக்கிறார்கள். குடலில் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, உள்ளே இழுப்பதுதான் வைட்டமின் டி-யின் வேலை. அது போதிய அளவு இருந்தால் சாப்பாட்டிலுள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் 10, 15 சதவீதம்தான். பற்பம் வைட்டமினை ஏற்றாது. வைட்டமின் இருந்தால்தான் பற்பத்திலுள்ள சத்தே உடம்புக்கு ஆகும்.

சரி, கால்சியத்துக்காகவாவது சாப்பிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சங்கைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டரைத்து, வில்லை தட்டிப் புடம் போட்டு, அதாவது தீயில் எரித்து, எடுப்பது இந்தப் பற்பம். வழக்கமாக நாங்கள் தருவது வேளைக்கு 100 முதல் 200 மில்லிகிராம், இரண்டு வேளை. கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால் அதில் 40 சதவீதம் கால்சியம். ஆக, முழு அளவில் சாப்பிட்டாலும் நாளைக்கு 160 மில்லிகிராம். பெரியவர்களுக்குத் தேவையோ 1,000 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால் இதைவிட அதிகம் கொடுத்துவிடும். வயிற்றெரிச்சல், குன்மம் (வயிற்றுப்புண்) என்று வருகிறவர்களுக்கு நான் இதை விரும்பித் தருகிறேன். கால்சியம் மாத்திரைக்குப் பதிலாக ஒருநாளும் எழுதியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று அனுபானம், அதாவது மருந்தைக் குழைத்துக் கொடுக்கிற துணைப்பொருள். சங்கு பற்பத்தை நெய்யிலோ வெண்ணெயிலோ குழைத்துக் கொடுப்பது வழக்கம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. டி மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் போடாமல், நெய் ஊற்றிய மதியச் சாப்பாட்டோடு போட்டால் கூடுதலாகச் சேரும். அதற்குக் காரணம் நெய், பற்பம் இல்லை.

தாதுக்களில் வைட்டமின் டி-க்கு நிஜமாகவே துணை நிற்பது மக்னீசியம். அது இல்லாமல் டி உடம்பில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறாது. கீரை, எள், பயறு, கேழ்வரகு என்று நம் சமையலறையிலேயே இருக்கிறது.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. காலை ஏழு மணி இளவெயிலில் நடந்தேன் என்பார்கள். நடை நல்லதுதான், வைட்டமின் டி பெரிதாகக் கிடைக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயில் கையிலும் முகத்திலும் நேராகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலன் இல்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. 60,000 யூனிட் பவுடரை வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தால், தினம் ஒன்று கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடவே கால்சியம் மாத்திரை, பற்பம், சிலருக்கு வெற்றிலைச் சுண்ணாம்பும். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டால் அடங்காத தாகம், மலச்சிக்கல், குமட்டல், மனக்குழப்பம் எல்லாம் வரும், சிறுநீரகமும் கெடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் யாரையும் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள எதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்துள்ளதையும் ஒரே வேளையில் போடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு டி பவுடர் வாரம் ஒன்றாக 8 வாரத்துக்கு எழுதி, எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவதைப் பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அப்ப இந்தப் பொட்டலம்?" என்றார். திருப்பிப் பார்த்தேன். லைசென்ஸ் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. வாங்கி என் மேசை டிராயரில் போட்டுக்கொண்டேன்.