'-ஒய்' என்பது எதற்கெல்லாம் சம்மதம்?

உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டம் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. யாராவது இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட் எழுதிக் கொண்டுவந்தால், மென்பொருளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் 'ஆப்ட்-கெட்' கமாண்ட் வரிகளில், கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் '-ஒய்' (-y) எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். காரணம் இருக்கிறது.

மரியாடிபி டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரில், மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் சர்வரை நிறுவும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிவிட்டோம். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாத பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்). புதியதற்கு இடம் கொடுக்க, ஆப்ட்-கெட் மரியாடிபியை நீக்கிவிட்டது. கையால் தட்டியிருந்தால் 'இவையெல்லாம் நீக்கப்படும்' என்று பட்டியல் காட்டிவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கும். '-ஒய்' இருந்ததால் காத்திருக்கவில்லை. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது.

'-ஒய்' போட்டால் நிறுவ மட்டும் அனுமதி கொடுத்ததாக நினைக்கிறோம். நீக்கவும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். சிஸ்டத்துக்கு இன்றியமையாதது என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ் என்றால் அப்போதும் அது நின்றுவிடும். ஆனால் உங்கள் டேட்டாபேஸோ வெப் சர்வரோ அந்த வகையில் வராது. எனவே '-ஒய்' எழுதும் இடத்திலெல்லாம் '--நோ-ரிமூவ்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதையாவது நீக்க வேண்டிய நிலை வந்தால், ஒன்றையும் தொடாமல் பிழை காட்டி நின்றுவிடும். புதிய ஸ்கிரிப்ட் என்றால் '-எஸ்' போட்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

ஸ்கிரிப்ட்டுக்குள் 'ஆப்ட்' வேண்டாம், 'ஆப்ட்-கெட்' போதும். 2014-இல் வந்த 'ஆப்ட்' கமாண்ட் டெர்மினல் முன் உட்கார்ந்திருப்பவருக்கானது. ஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் அதுவே எச்சரிக்கும்.

பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஆப்ட்-கெட் அப்டேட்', வெற்றி என்பதற்கு அடையாளமான 0 எண்ணைத் திருப்பினால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒரு ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்களை வைத்திருக்கும் களஞ்சியம்) பட்டியல் இறங்காவிட்டாலும், பல நேரம் எச்சரிக்கை வரியோடு விட்டுவிட்டு, பழைய பட்டியலை வைத்துக்கொண்டு 0 திருப்பும். அந்த வரி லாக்-இல் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

எனக்கு அதிகம் பயம் தருவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் பேக்கேஜ்களை மாற்றாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழிக்கும் வரி. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும்போது பூட்டு கிடைக்காமல் ஸ்கிரிப்ட் தோற்கும். உடனே இணையத்தில் தேடி, பூட்டையே அழிக்கும் கமாண்டை ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பதிவேட்டில் எழுதப் போய், அதுவே சிதைந்துபோகலாம். உபுண்டு 20.04 முதல் 'டிபிகேஜி::லாக்::டைம்அவுட்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதில் 300 என்று கொடுத்தால், பூட்டு விடுபட ஐந்து நிமிடம் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும்.