எவ்வளவு கடன் வேண்டும்? அதை முதலில் எழுதுங்கள்

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். தென்னை நார்க்கழிவை அழுத்திக் கோகோபீட் கட்டி (மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கப் பயன்படுவது) செய்யும் யூனிட்டுக்கு, சிறுதொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறார்கள். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. கையில் 64 பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட். எக்ஸிகியூட்டிவ் சம்மரியை, அதாவது ரிப்போர்ட்டின் முன்னால் வைக்கும் சுருக்கத்தைப் பிரித்தால், உலகில் வேகமாக வளரும் பொருளாதாரங்களில் இந்தியாவும் ஒன்று என்று ஆரம்பிக்கிறது. அடுத்த பத்தியில் தென்னையின் பெருமை. எவ்வளவு கடன் வேண்டும் என்பது 41ஆம் பக்கத்து அட்டவணையின் அடியில் கிடந்தது.

இந்த மாதம் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சம்மரி என்பது முன்னுரை கிடையாது. பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகிய கை, வெள்ளைத்தாளைக் கண்டதும் பீடிகை போட ஆரம்பித்துவிடுகிறது. மேனேஜருக்கு இந்தியாவைத் தெரியும். தென்னையையும் தெரியும், பொள்ளாச்சியில் வேலை பார்க்கிறவர்தானே! நீங்கள் யார், எவ்வளவு கேட்கிறீர்கள், எதை வைத்துத் திருப்பிக் கட்டுவீர்கள், இவைதான் அவருக்குத் தெரியாது. இன்னும் சிலர் அத்தியாயத்துக்கு இரண்டு வரி கிள்ளிப் போட்டு அதைச் சம்மரி என்கிறார்கள். அதற்குப் பொருளடக்கமே போதும்.

வங்கிக் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தவன் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பல வங்கிகளில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். கிளையில் உங்கள் விண்ணப்பத்தைப் பற்றிய நோட் தயாராகி மேலே போகும். அந்த நோட்டை எழுதும் ஆபீசர், மார்ச் மாத நெருக்கடியில், உங்கள் முதல் பக்கத்தில் உள்ளதை அப்படியே எடுத்துப் போடுவார். நானும் செய்திருக்கிறேன். எடுத்துப் போட ஒன்றும் இல்லையென்றால் ஃபைல் அடியில் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தது இதுதான்: மொத்தச் செலவு 48 லட்சம், இயந்திரம் 27, ஷெட் 12, நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணம்) 9. சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 2.4 லட்சம். கடன் 45.6 லட்சம். பெண் தொழில்முனைவோர், கிராமப்பகுதி என்பதால் 35 சதவீத மானியம், 16.8 லட்சம்.

பழைய ரிப்போர்ட்டில் மானியத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு 28.8 லட்சம்தான் கடன் என்று போட்டிருந்தார்கள். மானியம் கைக்கு வரும் பணம் இல்லைங்க. வங்கி முழுக் கடனையும் கொடுக்க வேண்டும். மானியம் மூன்று வருடம் அங்கேயே டெபாசிட்டாக நிற்கும், கடனில் கழிப்பது அப்புறம்தான். இதை முதல் பக்கத்திலேயே தப்பாக எழுதினால், திட்டத்தைப் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று ஆபீசர் முடிவு கட்டிவிடுவார்.

அடுத்து, சரக்கு எங்கே போகிறது? 'ஏற்றுமதிக்கு நல்ல வாய்ப்பு உள்ளது' என்ற வரியை அடித்துவிட்டேன். உப்புத்தன்மை குறைய எத்தனை முறை கழுவுவீர்கள், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எந்த நிலையில், வாங்குவதாகக் கடிதம் கொடுத்தவர் யார். நாலு வரி போதும். கடிதம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், தயவுசெய்து. பொய் எழுதினால் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டும்.

முதல் வருடமே நூறு சதவீத உற்பத்தி என்று போடாதீர்கள். டிஎஸ்சிஆர், அதாவது கட்ட வேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு வருமானம் வரும் என்ற கணக்கு, 4.8 என்று காட்டினால் எங்களுக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். சம்மரியில் 48 லட்சம், உள்ளே அட்டவணையில் 49.5 லட்சம் என்று இருக்கவே கூடாது. அதனால் சம்மரியைக் கடைசியில் எழுதி முன்னால் வையுங்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. டைப்பிங் சென்டரில் வாங்கிய மாதிரி ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். இந்த ரிப்போர்ட்டின் 14ஆம் பக்கத்தில் கோகோபீட்டுக்கு நடுவே 'தினசரி ரொட்டி விற்பனை' இருந்தது. ஏதோ பேக்கரிக்குப் போட்டது போலிருக்கிறது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், அந்த இந்தியப் பொருளாதாரப் பாராவ கடைசிலயாவது வச்சுக்கட்டுங்களா?"

"வச்சுக்க தம்பி. அறுபதாம் பக்கத்துக்கு அப்புறம்."