நம்பர் வன் ப்ரொடியூசர் ஆரெண்டு அடிபட முதல், உங்கட பாட்டுக்கு ப்ரொடியூசர் ஆரெண்டு சொல்லுங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பின்நேரம், மட்டக்களப்பு கல்லடியில எங்கட ஸ்டூடியோவுல ராப் பாட்டு ஒண்டு ரெக்கோட் பண்ணிக்கொண்டு இருக்கக்குள்ள கரண்ட் போயிட்டு. யூபிஎஸ் தாங்குற நேரத்துக்குள்ள எல்லாத்தையும் சேவ் பண்ணி நிப்பாட்டிப்போட்டு விறாந்தையில வந்து இருந்தம். பொடியனுகள் ரெண்டு பேர், ஒருத்தன் ஆரையம்பதி, மத்தவன் அக்கரைப்பற்றில இருந்து பஸ் ஏறி வந்தவன், அதோட எங்களுக்கு கீபோர்ட் வாசிக்கிற அண்ணன். பிளேன்டீ வந்த கையோட கதை தொடங்கிட்டு, உலகத்திலயே பெரிய மியூசிக் ப்ரொடியூசர் ஆரு எண்டு. ஆரையம்பதிக்காரன் ராப் ப்ரொடியூசர் டொக்டர் ட்ரேய விட்டு இறங்கவே இல்ல. அக்கரைப்பற்றுத் தம்பி பொப் பாட்டு செய்யிற மெக்ஸ் மார்ட்டின்தான் எண்டான், 1999ல இருந்து இண்டைக்கு வரைக்கும் நம்பர் வன் பாட்டு குடுத்துக்கொண்டே இருக்கிற மனுசன வேற ஆரோட வைக்கிற எண்டு கேட்டான். அண்ணன், "நீங்க என்னத்தையும் சொல்லுங்க மனே, ராஜா சேருக்குப் பிறகுதான் மத்ததெல்லாம்" எண்டார்.

நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்துபோட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டன். "சரி தம்பி, இப்ப உள்ளுக்க பாடிப்போட்டு வந்தீங்களே, அந்தப் பாட்டுக்கு ஆரு ப்ரொடியூசர்?" ஒருத்தன் காசு போட்ட மாமாட பேர சொன்னான். மத்தவன், பீட், அதான் பின்னணி இசை, யூடியூப்ல இருந்து எடுத்தது, அப்ப அந்த பீட் போட்ட ஆள்தானே எண்டான். மறுகா ரெண்டு பேரும் என்ன பாத்தாங்க, நீங்களா அண்ணன் எண்டு.

பதினாலு வருசமா இந்த வேல செய்யிறன், கோயில் பாட்டு, சேர்ச் பாட்டு, இஸ்லாமிய கீதம், பாடசாலை கீதம், குறும்படம் எண்டு எல்லாம் செஞ்சிருக்கன், ஆனா எங்கட மாவட்டத்தில பாட்டு செய்ய வாற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு இந்த வேல என்னெண்டே தெரியாது எண்டதுதான் என்ட அனுபவம். தெரியாத வேலைக்கு காசும் இல்ல, பேரும் இல்ல. அதால நட்டப்படுறது ஸ்டூடியோக்காரன் மட்டும் இல்ல, பாடுறவங்களும்தான். அதத்தான் எழுதோணும் எண்டு இருந்தன்.

சினிமாவில தயாரிப்பாளர் எண்டா காசு போடுறவர். பாட்டில ப்ரொடியூசர் எண்டா அது இல்ல. எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்குற மாதிரி சொல்றண்டா, கூத்துக்கு அண்ணாவியார் எப்பிடியோ அப்பிடி. ஆருக்கு அருச்சுனன் வேசம் ஆருக்கு கிருஷ்ணன் வேசம் எண்டு குரலையும் ஆளையும் பாத்து சட்டம், அதான் அவனவன் பாடி ஆடுற பங்கு எழுதின ஏடு, குடுக்கிறது அவர், தரு எண்ட கூத்துப்பாட்ட எந்தச் சுருதியில எந்த வேகத்தில பாடோணும் எண்டு பழக்குறது அவர், களரி எண்ட கூத்து மேடையில மத்தளத்தோட நிண்டு ஆடுறவன்ட கால் தளந்தா தாளத்தால தூக்கி விடுறதும் அவர்தான். அவர் ஒரு வேசமும் கட்டமாட்டார். ஆனா அவர் இல்லாட்டி அண்டைக்கு கூத்தே இல்ல. ப்ரொடியூசர்ர வேல அச்சா அதுதான், மத்தளத்துக்குப் பதிலா அவருக்கு முன்னால சத்தம் கலக்கிற மிக்ஸர் கிடக்கு, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்றன். திருக்கோவில் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி முருகன் பாட்டு பாட வந்தா, தகப்பனும் கூட வந்தார். பின்னணி இசை ட்ராக் ஆரோ செஞ்சு பென்ட்ரைவ்ல குடுத்து விட்டிருந்தாங்க, ஆறு கட்டை சுருதியில. பல்லவி நல்லாப் போச்சு, சரணத்தில மேல ஏறக்குள்ள அந்தப் பிள்ளைக்கு கழுத்து நரம்பு தெரியிது, சொல்லு உடையுது. மூண்டு தரம் எடுத்தம். பிறகு நான் ட்ராக்க நிப்பாட்டிப்போட்டு, ஹெட்போனையும் கழட்டச் சொல்லி, வீட்டில சாமிக்கு முன்னால எப்பிடிப் பாடுவீங்களோ அப்பிடி சும்மா பாடுங்க தங்கச்சி எண்டன். அவ பாடினது அஞ்சு கட்டை. குரல் அப்பிடியே வந்து இருந்திட்டு. அந்த ட்ராக்க ஒரு பக்கம் வச்சுப்போட்டு சுருதிய மட்டும் போட்டு முழுப்பாட்டையும் எடுத்தம், பிறகு அந்தக் குரலச் சுத்தி ஹார்மோனியமும் உடுக்கும் மட்டும் வச்சு கட்டினன், முதல் ட்ராக்ல கிடந்த ஆறு ஏழு அடுக்கு கீபோர்ட் சத்தம் ஒண்டும் தேவைப்படல. ரெண்டு பின்நேரம் போச்சு. காசு குடுக்கக்குள்ள தகப்பன் கேட்டார், "ரெக்கோர்டிங்குக்கு எவ்வளவு தம்பி, மிக்ஸிங்குக்கு எவ்வளவு?" எண்டு. அவர்ல பிழையே இல்ல. அந்த ரெண்டு பின்நேரத்துக்கும் பில்லில எழுத எங்கட ஊர்ல ஒரு பேர் இல்ல.

இப்ப என்ட வரிசைக்கு வாறன். நான் விற்பனை, விருது பாத்து வரிசைப்படுத்துற ஆள் இல்ல. இந்த ஆள் இல்லாம இருந்தா பாட்டு வேற பாட்டா ஆகியிருக்குமா எண்டுதான் பாப்பன். அந்தக் கணக்கில எனக்கு முதல் ஆள் ஜோர்ஜ் மார்ட்டின். 1962ல இங்கிலாந்தில பீட்டில்ஸ் எண்ட பாட்டுக்குழுப் பொடியனுகள் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' எண்ட பாட்ட மெதுவா இழுத்துப் பாடிக்கொண்டு வர, வேகத்தக் கூட்டுங்க எண்டு சொன்னவர் அவர். 1965ல 'யெஸ்டர்டே'க்கு வயலின், வியோலா, செலோ எண்டு நாலு பேர் செட் வைப்பம் எண்டு சொன்னவரும் அவர்தான், ரொக் பாட்டுக்கு அதெல்லாம் எதுக்கு எண்டு கேட்ட காலத்தில. 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ்' பாட்ட ரெண்டு விதமா பதிஞ்சுபோட்டு, பீட்டில்ஸ்ல பாடுற ஜோன் லெனன் ஒரு பதிவுட தொடக்கம் வேணும், மற்ற பதிவுட முடிவு வேணும் எண்டு நிண்டார். ரெண்டும் வேற வேற சுருதி, வேற வேற வேகம். கம்ப்யூட்டர் இல்லாத காலம், டேப்ட வேகத்தக் கூட்டிக் குறைச்சு, வெட்டி ஒட்டி, கிட்டத்தட்ட ஒரு நிமிசம் போற இடத்தில ரெண்டையும் சேத்தாங்க, ஜெஃப் எமெரிக் எண்ட இஞ்சினியரும் அவரும். ஹெட்போன் போட்டு அந்த இடத்த ஒருக்கா கேட்டுப் பாருங்க. நான் இண்டைக்கும் என்னட்ட பழக வாற பொடியனுகளுக்கு அதத்தான் முதல் பாடமா போடுறன்.

ரெண்டாவது குயின்சி ஜோன்ஸ். 2024 நவம்பர்ல 91 வயசில காலமானார். அவர் ப்ரொடியூஸ் பண்ணின மைக்கேல் ஜெக்சன்ட 'த்ரில்லர்' அல்பம் 1982 கடைசியில வெளிய வாறதுக்கு முதல் முடிச்ச இசைத்தட்ட போட்டுக் கேக்க சத்தம் மெலிஞ்சு போய் இருந்திச்சு. காரணம் தட்டில ஒரு பக்கத்துக்கு அளவுக்கு மிஞ்சின நிமிசம் ஏத்தினதுதான், நிமிசம் கூடினா ஊசி ஓடுற கோடு ஒடுங்கும், கோடு ஒடுங்கினா பேஸ், அதான் அடிச்சத்தம், போயிடும். கம்பனிக்காரன் வாசல்ல நிக்கிறான், அந்த நேரத்தில வேல பிழை எண்டு சொல்லி நிப்பாட்டி, பாட்டுகள வெட்டிக் குறைச்சு, ஒவ்வொண்டா திருப்பி மிக்ஸ் பண்ணினாங்க. உலகத்தில ஆகக் கூட வித்த அல்பம் அது. நான் மதிக்கிறது அந்த வித்த கணக்க இல்ல, அந்த நிப்பாட்டின மனசத்தான்.

மூண்டாவது ஆள ரெண்டு பொடியனுகளும் கேள்விப்பட்டதே இல்ல. கிங் டபி, ஜமெய்க்காவில கிங்ஸ்டன். ரேடியோ, அம்ப், ட்ரான்ஸ்போமர் திருத்துற மனுசன். எங்கட பஜார்ல லௌட்ஸ்பீக்கர் செட் திருத்துற கடையள் இருக்கே, அப்பிடி ஒரு கடையில இருந்து வந்தவர் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. நாலே நாலு ட்ராக் மெசின்ல, முடிஞ்சு போன பாட்ட எடுத்து, குரல மறைச்சு, பேஸையும் ட்ரம்ஸையும் மட்டும் விட்டு, குரல்ல ஒரு துண்ட எதிரொலியோட திருப்பிக் கொண்டந்து, மிக்ஸரையே ஒரு வாத்தியம் மாதிரி வாசிச்சார். டப் எண்டு சொல்றது அதத்தான், இண்டைக்கு ரீமிக்ஸ் எண்டு நீங்க கேக்கிறதுல கனக்க அங்க இருந்துதான் வருது. 1989ல அவர ஆரோ சுட்டு, செத்துப்போனார். நல்ல மெசின் இல்ல அண்ணன், அதான் எங்கட பாட்டு சரி வருதில்ல எண்டு சொல்ற ஆக்களுக்கு நான் இந்த மனுசன்ட பேரத்தான் சொல்றது.

அதுக்குப் பிறகு ரிக் ரூபின். 1994ல ஜோனி கேஷ் எண்ட வயசு போன பாடகர ஒரு கிட்டாரோட தனிய இருத்தி, வேற ஒண்டுமே போடாம விட்டவர். ஒண்டும் போடாம விடுறதுக்கும் தைரியம் வேணும். மறுகா சில்வியா ராபின்சன், 1979ல ராப் பாட்டுக்கு முதல் பெரிய ஹிட் எண்டு சொல்ற பாட்ட ப்ரொடியூஸ் பண்ணினது ஒரு பொம்பிள எண்டு சொன்னப்போ ரெண்டு பொடியனுகளும் நம்பவே இல்ல, ஃபோன்ல தேடிப் பாத்துத்தான் நம்பினாங்க.

தமிழ்ல எண்டா கதை வேற. எங்கட ஆக்கள் மெட்டுப் போடுறவர், ஒழுங்கு படுத்துறவர், ப்ரொடியூசர் எல்லாத்தையும் ஒரே ஆளில 'இசையமைப்பாளர்' எண்டு ஏத்தி வச்சிருக்கிறம். இளையராஜா சேர் நோட்ஸ் எழுதிக் குடுக்கிற வேகமும் ஆழமும் ஆருக்கும் வராது, அதில அண்ணனோட எனக்கு சண்டை இல்ல. ஆனா ப்ரொடியூசர் எண்ட தொழிலுக்கு மட்டும் எண்டு கேட்டா நான் ரஹ்மானத்தான் சொல்லுவன். 1992ல 'ரோஜா' வரக்குள்ள புதுசா இருந்தது மெட்டு மட்டும் இல்ல, சத்தம். சொந்த ஸ்டூடியோவுல ராவு ராவா இருந்து எடுத்த சத்தம், ஸ்ரீதர் எண்ட இஞ்சினியர்ர காதும் அதில இருக்கு. அதோட கசட் அட்டையில வாசிச்ச ஆக்கள்ர பேர அச்சடிச்சார். புல்லாங்குழல் ஆரு வாசிச்ச எண்டு ஊர்ல இருக்கிற பொடியனுக்கும் தெரிஞ்சது அந்த அட்டையாலதான். எனக்கு அது பெரிய விசயம்.

ஏனெண்டா பேர் போகாம விட்டா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். எட்டு வருசத்துக்கு முதல் வெளிநாட்டில இருந்து ஒருத்தர் காசு அனுப்பி ஆறு பாட்டு செய்யச் சொன்னார். மூண்டு மாசம். கோர்ட்ஸ், ப்ரோக்ராமிங், மிக்ஸ் எல்லாம் நான், எங்கட பக்கத்து ஊர் நாதஸ்வரக்காரர் ஒருத்தர் ஒரு முழு ராவு நித்திர முழிச்சு வாசிச்சார். பாட்டு வெளிய வந்தப்போ இசை எண்டு அவர்ர கூட்டாளிட பேர், தயாரிப்பு எண்டு அவர்ர பேர். என்ட பேரும் இல்ல, நாதஸ்வரக்காரர்ர பேரும் இல்ல. எழுத்தில ஒண்டும் இல்ல, எல்லாம் வட்ஸ்அப் வொய்ஸ்ல கதைச்சது, அந்த ஃபோனும் பழுதாப் போச்சு. எனக்கு வந்த கவலைய விட, அந்த ஐயாட்ட போய் சொல்ல வேண்டி இருந்திச்சே, அது இண்டைக்கும் நெஞ்சில கிடக்கு.

பெரிய இடத்திலயும் இதுதான் நடந்திருக்கு. அமெரிக்காவில டெட்ரொய்ட்ல மோடவுன் எண்ட இசைத்தட்டுக் கம்பனிட கனக்க ஹிட் பாட்டுக்கு வாசிச்ச ஃபங்க் பிரதர்ஸ் ஆக்கள்ர பேர் 1971 வரைக்கும் அட்டையில வரல. ஜோர்ஜ் மார்ட்டினே இஎம்ஐ எண்ட இசைத்தட்டுக் கம்பனியில சம்பளத்துக்குத்தான் இருந்தவர், பீட்டில்ஸ் தட்டு எத்தின லட்சம் வித்தாலும் பங்கு இல்ல, அதாலதான் 1965ல விலகிப்போய் சொந்தமா தொடங்கினவர்.

எங்கட நாட்டு சட்டத்தில, 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமை பாட்டு உருவான உடனயே வந்திடும், பதிய வேணும் எண்டில்ல, சாகும் வரைக்கும் அதுக்குப் பிறகு 70 வருசமும் இருக்கு. பேர் போட வேணும் எண்டு கேக்கிற உரிமையும் அதில இருக்கு. ஒலிப்பதிவுக்கு வேற உரிமை, அது 50 வருசம். இங்கதான் கவனம். ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் எண்டு சட்டம் சொல்றது அந்தப் பதிவ தொடங்கி பொறுப்பெடுத்துச் செய்விச்ச ஆள, காசு போட்டவரா இருக்கலாம், நீங்களாவும் இருக்கலாம். அதால மைக்குக்கு முன்னால நிக்க முதலே ஒரு தாள்ல எழுதுங்க: வரி ஆரு, மெட்டு ஆரு, ப்ரொடியூசர் ஆரு, வாசிச்சது ஆரு, மாஸ்டர், அதான் முடிச்ச பதிவு, ஆருக்கு சொந்தம், வாற காசில ஆருக்கு எவ்வளவு. திகதி போட்டு எல்லாரும் சைன் வைங்க. பாட்டு முடிஞ்சா எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீங்க, ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியா வேவ் ஃபைலா ரெண்டு இடத்தில வைங்க. 'ஃப்ரீ பீட்' எண்டு கிடக்கிறது கனக்க காசு உழைக்காத பாட்டுக்கு மட்டும்தான் ஃப்ரீ, அதுல பாடி யூடியூப்ல போட்டா காசு பீட்காரனுக்குப் போகலாம், அதே பீட்ல இன்னும் எத்தின பேர் பாடியிருப்பாங்களோ. சத்தத்தக் கூட்டு அண்ணன் கூட்டு அண்ணன் எண்டு நிக்கவும் வேணாம், ஸ்பொட்டிஃபை போல ஆக்கள் சத்தம் கூடின பாட்ட வழமையா மைனஸ் 14 லஃப்ஸ் எண்ட சத்த அளவுக்கு இறக்கித்தான் போடுறாங்க, நசிச்ச பாட்டு நசிஞ்சதாத்தான் கேக்கும்.

ஃபில் ஸ்பெக்டர் எண்ட அமெரிக்க ப்ரொடியூசர என்ட வரிசையில ஏன் வைக்கல எண்டு கீபோர்ட் அண்ணன் கேட்டார். 1963ல 'பீ மை பேபி'யில அந்த ஆள் கட்டின சத்தம் பெரிசுதான், படிக்கோணும்தான். ஆனா 2009ல ஒரு பொம்பிளய கொலை செஞ்ச குற்றத்துக்கு தண்டனை கிடைச்சு, 2021ல சிறைக் கைதியாவே செத்த ஆள். பூட்டின ரூமுக்க ப்ரொடியூசர் எண்டவனுக்கு பாடுற பிள்ளைக்கு மேல எவ்வளவு அதிகாரம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். தங்கச்சிமார், ஸ்டூடியோவுக்கு தனிய வரவேணாம், ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்க, கூட வாற ஆள உள்ளுக்க விடமாட்டன் எண்டு சொல்ற ஸ்டூடியோவுக்கு போகவே வேணாம். எங்கட கதவுக்கு கண்ணாடி போட்டது அதுக்குத்தான்.

கரண்ட் வர ஆறரை ஆகிட்டு. உள்ளுக்க போய் முதல் வேலையா ஒரு கொப்பித் தாள் கிழிச்சு எழுதத் தொடங்கினம். வரி ரெண்டு பொடியனுகளும், பாதிப் பாதி. யூடியூப் பீட்ட விட்டுட்டு கீபோர்ட் அண்ணன் புதுசா ஒண்டு செய்யிற எண்டு முடிவு. பாட்டுக்கு நடுவில ஒரு மத்தளத் துண்டு வருது, அத முதல் கிழமையே வந்து வாசிச்சுப்போட்டுப் போனவர் எங்கட வழமையான ஆள், பத்து வருசமா மத்தள மாமா எண்டுதான் கூப்பிடுறது. எழுதப் போனா முழுப் பேர் எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. கோல் எடுத்துக் கேட்டம். சொன்னார். ஃபோன வச்சு ரெண்டு நிமிசத்தில திருப்பி எடுத்தார், "மனே, முன்னுக்கு ரெண்டு இனிசியல் இருக்கு, அப்பாடயும் அப்பப்பாடயும், அவங்க ரெண்டு பேரும் அண்ணாவிமார், அதையும் போட்டிருங்க" எண்டு.